வெயிலில் கம்பளி போர்த்திய ஒட்டகம்

சித்திரை மாதத்து உச்சிவெயில். தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. அந்த நேரத்தில் உங்கள் நண்பன் ஒருவன் தடித்த கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் நடந்து வந்தால் என்ன நினைப்பீர்கள்? "இவனுக்கு என்ன ஆயிற்று?" என்றுதானே கேட்பீர்கள்!

ஆனால் நம் ஊர் வெயிலைவிடக் கடுமையான வெயில் காயும் சகாரா பாலைவனத்தில் ஒரு பிராணி கோடைக்காலத்திலும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் நடமாடுகிறது. அதுதான் ஒட்டகம். குளிர்காலத்து ரோமத்தில் பெரும்பகுதியை அது வசந்தத்தில் உதிர்த்துவிடுகிறது. என்றாலும் முதுகிலும் திமிலிலும் தடித்த ரோமம் எஞ்சி நிற்கிறது. வெயில் நேராக விழும் இடங்களில் ரோமம் நீளம். வெயில் படாத வயிற்றிலும் கால்களிலும் ரோமம் குட்டை. இது தற்செயலா, காரணத்தோடுதானா?

"அந்த முதுகு ரோமத்தையும் கத்தரித்துவிட்டால் ஒட்டகத்துக்குச் சற்றுச் சுகமாக இருக்குமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு விஞ்ஞானி உண்மையாகவே கத்தரித்துப் பார்த்துவிட்டார்.

கத்தரித்ததும் நடந்தது என்ன?

க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்பவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உடலியல் அறிஞர். 1953-54ஆம் ஆண்டுகளில் அவரும், அவருடைய மனைவியும் உடலியல் அறிஞருமான போடிலும் அல்ஜீரியாவில் சகாராவின் வடபகுதியில் உள்ள பெனி அப்பாஸ் என்ற பாலைவனச் சோலைக்குச் சென்று தங்கினார்கள். ஒட்டகம் தண்ணீரை எப்படிச் சிக்கனமாகச் செலவிடுகிறது என்று கண்டறிவதே அவர்கள் நோக்கம்.

வெயிலில் நின்ற ஒட்டகத்தின் முதுகில் வெப்பத்தை அளந்தார்கள். ரோமத்தின் வெளிநுனியில் வெப்பநிலை 70 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே சென்றது. அதே ரோமத்துக்கு அடியில், சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த தோலிலோ சுமார் 40 டிகிரிதான்! மேலே கை வைத்தால் சுட்டுவிடும். கீழே உடல் பத்திரமாக இருக்கிறது.

பிறகு ரோமத்தைக் கத்தரித்த ஒட்டகத்தை, கத்தரிக்காத ஒட்டகத்தோடு ஒப்பிட்டார்கள். முடிவு என்ன தெரியுமா? கத்தரிக்கப்பட்ட ஒட்டகம் உடலைக் குளிர்விப்பதற்காக ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக நீரைச் செலவிட்டது. தண்ணீர் கிடைக்காத பாலைவனத்தில் இது சிறிய விஷயமா? நெடுவழி நடக்கும் ஒட்டகத்துக்கு உயிரும் சாவும் இந்த 50 சதவீதத்தில் அடங்கியிருக்கலாம்.

குளிரிலிருந்து நம்மைக் காக்கும் கம்பளி, ஒட்டகத்தை வெயிலிலிருந்து எப்படிக் காக்கிறது? ஒரே பொருள் இரண்டு வேலைகளையும் செய்ய முடியுமா?

கப்பலில் வந்த பனிக்கட்டி

இந்தக் கேள்விக்கு விடை காணச் சென்னைக் கடற்கரைக்கு வாருங்கள். மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் என்ற கட்டடம் இருக்கிறது. அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842ஆம் ஆண்டில் அது கட்டப்பட்டது எதற்காகத் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக!

அந்தக் காலத்தில் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் நம் நாட்டில் கிடையாது. பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை வெட்டி எடுத்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833 மே மாதம் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல், பூமத்தியரேகையை இரண்டு முறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் அதில் சுமார் 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது.

இந்த வணிகத்தில் பனிக்கட்டியைக் காப்பாற்றியவை எவை? மரத்தூள், வைக்கோல், மரப்பட்டைத் தூள் போன்ற மலிவான பொருள்கள்தான். மரத்தூளுக்குக் குளிர்ச்சி தரும் சக்தி கிடையாது. அதுபோலவே கம்பளிக்குச் சூடு தரும் சக்தியும் கிடையாது. இரண்டும் செய்வது ஒரே வேலை: தம்முடைய இடுக்குகளில் காற்றைப் பிடித்து வைத்து, அதை அசையவிடாமல் செய்கின்றன.

அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. கம்பளி இழையேகூடக் காற்றைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, நம்மைக் காப்பது ரோமம் என்பதைவிட, ரோமங்களுக்கு இடையே சிறைப்பட்டிருக்கும் காற்று என்பதே சரி. ரோமம் வெறும் சிறைக்கம்பி. அது இல்லாவிட்டால் சூடான காற்று மேலே எழும்பும். அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும். அதோடு வெப்பமும் போய்விடும்.

காற்றுச் சுவருக்கு உள்ளே எது, வெளியே எது என்ற பாகுபாடு இல்லை. வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குச் செல்ல முயலும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சுவர் அதைத் தாமதப்படுத்தும். குளிர் நாட்டில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறத் தாமதமாகிறது. சகாராவில் வெளியே இருக்கும் வெப்பம் உள்ளே வரத் தாமதமாகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

ஒட்டகத்தின் ரோமநுனி 70 டிகிரி இருப்பதிலும் ஓர் ஆதாயம் உண்டு. சுற்றியுள்ள காற்று அவ்வளவு சூடாக இருக்காது. ஆகவே ரோமநுனியில் விழுந்த வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதி, தோலை எட்டும் முன்பே காற்றுக்கும் வானுக்கும் திரும்பிப் போய்விடுகிறது. ஆஸ்திரேலியாவின் மெரினோ ஆடுகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். கோடை வெயிலில் அவற்றின் கம்பளிநுனி 85 டிகிரி வரை சூடேறியபோதும், அடியில் தோல் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தே இருந்தது.

"வியர்வை என்ன ஆகும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பம் தோலிலிருந்து எடுக்கப்பட்டால்தான் உடல் குளிரும். ஒட்டகத்தின் கோடை ரோமம் ஆவியை வெளியே விடும் அளவுக்கு இடைவெளி உடையது. ஆகவே வியர்வை தோலின்மீதே ஆவியாகிவிடுகிறது. ரோமம் முழுவதும் நனைந்து அதன் நுனியில் ஆவியானால், ரோமநுனி குளிரும், ஒட்டகம் குளிராது!

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரை அப்படியே வையுங்கள். இரண்டாவதைச் சுற்றி விரல் பருமனுக்கு உலர்ந்த பஞ்சை வைத்து நூலால் தளர்வாகக் கட்டுங்கள். மூன்றாவதைச் சுற்றியும் அதே அளவு பஞ்சைக் கட்டி, அதைத் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். மூன்றிலும் சம அளவு வெந்நீரை ஊற்றி அட்டையால் மூடுங்கள். வெந்நீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

அட்டையில் துளையிட்டு, பள்ளிச் சோதனைச்சாலையில் உள்ள வெப்பமானியை நுழைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது; உடைந்துவிடும். அரை மணி நேரம் கழித்து மூன்றுக்கும் வரைபடம் வரையுங்கள்.

உலர்ந்த பஞ்சு கட்டிய டம்ளர் வெப்பத்தை அதிக நேரம் காத்திருக்கும். ஈரப்பஞ்சு கட்டியது, ஒன்றுமே கட்டாத டம்ளரைவிட விரைவில் ஆறிவிட்டிருக்கும்! பஞ்சு ஒன்றுதான், பஞ்சுக்குள் இருந்தது மட்டும் மாறியது. காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு ஆவியாகும்போதும் வெப்பத்தைத் திருடும். இந்த மூன்றாவது டம்ளரை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது மறுபடியும் வரும்.

கடுங்குளிரில் ஒரு நரி

இப்போது சகாராவுக்கு நேர் எதிரான ஓர் இடத்துக்குப் போவோம். அலாஸ்காவின் வடகோடியில், வட துருவக் கடலோரத்தில் உள்ளது பாயின்ட் பாரோ. 1940களின் இறுதியில் ஷோலாண்டர், இர்விங் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய தோழர்களும் அங்கே ஆராய்ச்சி நடத்தி, 1950இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

குளிர் கூடும்போது ஒரு பிராணியின் உடல் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். வெப்பம் வெளியேறாமல் தடுக்க வேண்டும். அல்லது கூடுதலாக உணவை எரித்து வெப்பத்தை உண்டாக்க வேண்டும். ஆடையில்லாத மனிதனின் உடல், காற்றின் வெப்பநிலை சுமார் 27 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே கூடுதலாக எரிக்கத் தொடங்கிவிடுகிறது. துருவ நரியோ, அவர்கள் கண்டபடி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை அப்படி எரிக்கவே இல்லை! உள்ளே உடல் 38 டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 40. இடையில் சில சென்டிமீட்டர் ரோமம்.

அந்த ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போன்ற மெல்லிய, அடர்ந்த மயிர். இதுதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. வெளியே நீண்ட, விறைப்பான காவல் மயிர். இது காற்றடித்து உள் அடுக்கு கலைந்துவிடாமலும், பனி உள்ளே நுழையாமலும் காக்கிறது. துருவ நரியின் உள்ளங்காலிலும் ரோமம் உண்டு. அதன் விஞ்ஞானப் பெயரில் உள்ள 'லாகோபஸ்' என்ற சொல்லுக்கு முயலின் பாதத்தைக் கொண்டது என்று பொருள்.

ரோமம் குறைந்த இடம் முகம். ஆகவே தூங்கும்போது நரி உடலைச் சுருட்டி, அடர்ந்த வாலால் முகத்தை மூடிக்கொள்கிறது. மார்கழி விடியற்காலையில் நம் தெரு நாய் மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இதே காரணம்தான். சுருண்டு படுத்தால் காற்றுப்படும் பரப்பும் குறைகிறது.

ஆனால் எலியைப் போன்ற சின்னஞ்சிறு லெம்மிங் என்ன செய்யும்? நரியின் ரோமத்தை அது போர்த்திக்கொண்டால் நடக்கவே முடியாது. சிறிய பிராணியால் தடித்த ரோமத்தைச் சுமக்க இயலாது என்பதைப் பாரோ ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். லெம்மிங் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பனிக்கு அடியில் வளை தோண்டி வாழ்கிறது. புதிதாய் விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஆகவே பனியே அதற்குப் போர்வையாகிவிடுகிறது!

வெள்ளைக் கரடியைப் பற்றிய ஒரு கதை

துருவக் கரடியின் ரோமம் உண்மையில் வெள்ளை நிறம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு மயிரும் நிறமற்றது. உள்ளே வெற்றிடம் உடையது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் இருக்கும் தோல் கறுப்பு.

இதைக் கொண்டு ஓர் அழகான கருத்து பிறந்தது. ஒவ்வொரு மயிரும் கண்ணாடி இழையைப் போலச் செயல்பட்டு, சூரிய ஒளியைக் கறுப்புத் தோலுக்குக் கொண்டு சேர்க்கிறதாம்! பல புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் இது இடம்பெற்றது. டேனியல் கூன் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் கரடியின் மயிரை எடுத்து ஒளியைச் செலுத்தி அளந்தார். 1998இல் வெளியான அவருடைய முடிவின்படி, மயிரின் வழியே ஒளி சிறிது தூரம் செல்வதற்குள்ளேயே உட்கவரப்பட்டுவிடுகிறது. தோலை எட்டுவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அழகான கருத்து எல்லாம் உண்மையாகிவிடாது. அளந்து பார்த்தால்தான் தெரியும் என்பதற்கு இது நல்ல பாடம்.

கரடியைக் காப்பதும் காற்றுச் சுவர்தான். வெப்பத்தைப் படம் பிடிக்கும் அகச்சிவப்புக் காமிராவில் துருவக் கரடியைப் பார்த்தால், முகத்தைத் தவிர மற்ற உடல் பெரும்பாலும் பனியோடு பனியாக மறைந்துவிடுகிறது. அந்த அளவுக்கு அதன் ரோமநுனி குளிர்ந்திருக்கிறது. அந்த அளவுக்கு வெப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆனால் கரடி தண்ணீரில் இறங்கியதும் ரோமம் நனைந்து காற்று வெளியேறிவிடும். அப்போது அதற்குக் கைகொடுப்பது தோலுக்கு அடியில் இருக்கும் தடித்த கொழுப்பு. திமிங்கிலத்துக்கும் கடல் சிங்கத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு. கொழுப்பும் இல்லாமல், பனிக்கடலிலேயே வாழும் ஒரு பிராணி இருந்தால்?

காற்றுச் சுவர் இடிந்தபோது

அப்படி ஒரு பிராணி இருக்கிறது. வட பசிபிக் கரையோரத்துக் கடல் நீர்நாய்தான் அது. திமிங்கிலத்தைப் போன்ற கொழுப்புப் போர்வை அதற்கு இல்லை. அதற்குப் பதிலாக உலகிலேயே மிக அடர்ந்த ரோமம் இருக்கிறது. நம் தலை முழுவதும் சுமார் ஒரு லட்சம் மயிர்கள் உள்ளன. கடல் நீர்நாய்க்கு, ரோமம் அடர்ந்த இடங்களில், ஒரே ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல்! உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தில் ஒரு தலை மயிர்!

இவ்வளவு நெருக்கத்தில் தண்ணீர் உள்ளே நுழைய முடியாது. கடலில் பிறந்து கடலில் வாழ்ந்தாலும் அதன் தோல் நனைவதில்லை. அது நாள்தோறும் பல மணி நேரம் ரோமத்தைக் கோதிச் சுத்தம் செய்கிறது; ஊதியும் தேய்த்தும் ரோமத்துக்குள் காற்றை ஏற்றுகிறது. இதை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுச் சுவரில் விழும் விரிசலை அன்றாடம் பூசுவது போன்ற வேலை அது. அப்படியும் குளிரைச் சமாளிக்க, தன் எடையில் சுமார் கால் பங்கு உணவைத் தினந்தோறும் அது சாப்பிட்டாக வேண்டும்.

இந்த ரோமமே அதற்கு எமனாகவும் வந்தது. 1741இல் பெரிங் என்ற கடலோடியின் குழு அலாஸ்காவைக் கண்டது. அந்தக் குழுவில் உயிர்தப்பி ரஷ்யாவுக்குத் திரும்பியவர்கள் கொண்டுவந்த தோல்கள் வணிகர்களின் ஆசையைக் கிளப்பிவிட்டன. அடுத்த 170 ஆண்டுகளில் கடல் நீர்நாய்கள் ஏறக்குறைய அழிந்தேபோயின. 1911இல் நான்கு நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகே அவை மெல்ல மெல்லப் பெருகின.

1989 மார்ச் 24. அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் விரிகுடாவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் பட்ட ரோமம் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டது. இடுக்குகள் திறந்தன. காற்று வெளியேறியது, குளிர்ந்த கடல்நீர் தோலைத் தொட்டது. நம் மூன்றாவது டம்ளருக்கு நேர்ந்ததே நீர்நாய்களுக்கும் நேர்ந்தது. கோதிக் கோதிச் சுத்தம் செய்ய முயன்றவை எண்ணெயை விழுங்கின. நூற்றுக்கணக்கான நீர்நாய்களின் உடல்கள் கரை ஒதுங்கின. பிடித்துக் காப்பாற்ற முயன்றவர்கள் பாத்திரம் கழுவும் திரவத்தால் அவற்றைக் கழுவினார்கள். அது எண்ணெயோடு ரோமத்தின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் நீக்கிவிட்டது. நீர் புகாத தன்மை திரும்புவதற்கு மேலும் சில நாட்கள் ஆயின. அதுவரை அவற்றைக் கடலில் விட முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்று அடுக்கு எவ்வளவு விலை மதிப்புள்ளது என்று இப்போது புரிகிறதல்லவா?

கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி

ஒரே போர்வை எல்லா நாளும் சரிப்பட்டு வராது. அதற்கு உயிரினங்கள் இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கின்றன.

முதலாவது, அவசரத்துக்கு உதவுவது. ஒவ்வொரு மயிரின் வேரிலும் ஒரு சிறு தசை உண்டு. அது சுருங்கினால் மயிர் நிமிர்ந்து நிற்கும். காற்று அடுக்கு தடிமனாகும். குளிர்ந்த காலையில் சிட்டுக்குருவி சிறகுகளை உப்பிக்கொண்டு பந்தைப்போல உட்கார்ந்திருப்பதும் இதே தந்திரம்தான். குளிரில் உங்களுக்கும் மயிர் சிலிர்க்கிறதே, அது ஏன்? போர்வையை நம் முன்னோர் என்றோ இழந்துவிட்டார்கள். அதை நிமிர்த்தும் தசை மட்டும் இன்னும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.

இரண்டாவது, பருவத்துக்கு ஏற்றபடி ரோமம் உதிர்ப்பது. பகல் நீளுவதையும் குறுகுவதையும் கண் உணர்ந்து மூளைக்குச் சொல்ல, மூளை அதற்கேற்ற சுரப்புநீர்களின் வழியே ரோமத்தை மாற்றச் செய்கிறது. ஆனால் மெரினோ ஆட்டுக்கு இந்த வசதி இல்லை. கம்பளிக்காக மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், உதிர்க்கும் பழக்கம் போய்விட்டது. 2015இல் ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தின் அருகே, பல ஆண்டுகளாகக் கத்தரிக்கப்படாமல் திரிந்த ஓர் ஆட்டைக் கண்டுபிடித்தார்கள். அதன்மீதிருந்து எடுத்த கம்பளியின் எடை 41.1 கிலோ! நடக்கவே தடுமாறிய அந்த ஆட்டின் உயிர், தக்க நேரத்தில் கத்தரித்ததால் பிழைத்தது. போர்வை அளவோடு இருந்தால் காவல். அளவு மீறினால் சுமை.

யானையின் மயிர் எதற்கு?

கடைசியாக ஒரு புதிர். யானையின் அருகில் நின்று பார்த்திருந்தால், அதன் உடலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக விறைப்பான மயிர்கள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். இவ்வளவு குறைந்த மயிரால் காற்றைச் சிறைப்பிடிக்க முடியாது. பிறகு எதற்கு அது?

2012இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். தோலை ஒட்டி எப்போதும் மெல்லிய, அசையாத காற்றுப் படலம் ஒன்று இருக்கும். அடர்ந்த ரோமம் அந்தப் படலத்தைத் தடிமனாக்குகிறது. தனித்தனியாக நிற்கும் மயிரோ படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நீண்டு, தோலின் வெப்பத்தை வீசும் காற்றுக்குக் கடத்திவிடுகிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகள் செய்யும் வேலையைப் போன்றது இது. காற்று மெல்ல வீசும் நேரத்தில் இம்மயிர்கள் யானையின் வெப்ப இழப்பை 20 சதவீதத்துக்கு மேலும் கூட்டக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். நெருங்கி நின்றால் போர்வை. விலகி நின்றால் விசிறி!

ஒட்டகம், நரி, நீர்நாய், யானை என நான்கு பிராணிகள், நான்கு விதமான வானிலைகள். எல்லாவற்றிலும் கணக்கு ஒன்றே: தோலை ஒட்டியுள்ள காற்றை நிறுத்தி வைப்பதா, போகவிடுவதா?

அடுத்த முறை மழையில் நனைந்த கோழி நடுங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால், "இறகு இருந்தும் ஏன் நடுங்குகிறது?" என்று உங்கள் தம்பியையோ தங்கையையோ கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். மூன்று டம்ளர்களை எடுத்து வைத்தால் காட்டியும் கொடுக்கலாம்.